மூன்று அடுக்கு நிலம்: அல்சாஸின் திராட்சைச் சரிவுகளில் மிதிவண்டியில்

பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள அல்சாஸ் பகுதியை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிப் பார்த்தால் நிலம் மூன்று அடுக்காக இறங்குவது தெரியும். மேலே வோஸ்ஜ் மலையின் காடு. கீழே ரைன் ஆறு பரப்பிவைத்த வண்டல் சமவெளி. இரண்டுக்கும் நடுவே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 200 முதல் 400 மீட்டர் வரையிலான உயரத்தில், பல இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு சரிவில் திராட்சைத் தோட்டங்கள். கோட்டைகள் காட்டின் ஓரத்தில் துருத்தி நிற்கும் பாறைகளின் மேலும், ஊர்கள் மலையோடைகள் சமவெளிக்குள் இறங்கும் வாய்களிலும் அமர்ந்திருக்கின்றன. காரில் கடந்து போகிறவருக்கு இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் அழகிய காட்சிகள். மிதிவண்டியில் போகிறவருக்கோ எது எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு காலில் உறைக்கிறது. கோட்டையை அங்கே கட்டியவனும், கொடியை இங்கே நட்டவனும், ஊரை அதற்குக் கீழே வைத்தவனும் ஒரே சரிவைத்தான் வெவ்வேறு நோக்கத்தோடு அளந்திருக்கிறார்கள் என்பதை, அந்தச் சரிவை மூச்சு வாங்க ஏறும்போது புரிந்துகொள்வது போல வேறு எப்படியும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

அல்சாஸின் ஒயின் சாலை 1953-இல் அறிவிக்கப்பட்டது. வடக்கே மார்லென்ஹைம் முதல் தெற்கே டான் நகரம் வரை சுமார் 170 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சாலை மோட்டார் வாகனங்களுக்கானது. அதற்கு இணையாக, பெரும்பாலும் தோட்டங்களுக்குள் டிராக்டர்கள் போகும் சிறு பாதைகளையும் போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளையும் கோத்து, மிதிவண்டிக்கென்று ஒரு தடம் அமைத்திருக்கிறார்கள். லண்டனிலிருந்து ரோம் வழியாக இத்தாலியின் தென்கிழக்கில் உள்ள பிரிண்டிசி துறைமுகம் வரை போகும் ஐந்தாம் எண் ஐரோப்பிய மிதிவண்டித் தடமும் இந்தப் பகுதியில் இதனோடு சேர்ந்தே செல்கிறது. மார்லென்ஹைமில் தொடங்குவதுதான் வழக்கம் என்றாலும் ஸ்ட்ராஸ்பூர் நகரத்திலிருந்தே மிதித்துக் கிளம்புவதைப் பரிந்துரைப்பேன், ஏனென்றால் புரூஷ் கால்வாயின் கரை வழியே தோட்டங்களின் அடிவாரத்துக்கு வந்து சேரும் அந்தப் பாதை, ஏற்றமே இல்லாமல், பிறகு பார்க்கப்போகும் எல்லாவற்றுக்கும் முன்னுரை எழுதிவிடுகிறது. பதினான்காம் லூயி மன்னர் ஸ்ட்ராஸ்பூரை 1681-இல் கைப்பற்றிய மறு ஆண்டே அவருடைய அரண் பொறியாளர் வோபான் வெட்டிய கால்வாய் அது. நகரத்தின் புதிய கோட்டை அரணுக்கு வேண்டிய கல்லை சுல்ஸ்-லே-பேன் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து படகில் கொண்டுவருவதற்காகவே அதை வெட்டினார்கள். படகுகளை இழுத்த குதிரைகள் நடந்த கரையில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன.

அந்தக் கல்லின் நிறம் இளஞ்சிவப்பு. வோஸ்ஜ் மணற்கல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்ட்ராஸ்பூர் பேராலயம், கிராமத்துக் கிணற்று விளிம்பு, ஒயின் பாதாள அறையின் வாசல் வளைவு, மலைமேல் கோட்டையின் இடிந்த சுவர் எல்லாம் பெரும்பாலும் இதே கல்தான். மழையில் நனைந்தால் செங்காவியாகவும் மாலை வெயிலில் ரோஜா நிறமாகவும் மாறும் இந்தக் கல்லைப் பயணம் முழுவதும் பார்த்துக்கொண்டே போகலாம். எங்கே அது திடீரென்று சாம்பல் நிறக் கருங்கல்லாக மாறுகிறதோ அங்கே மண்ணும் மாறிவிட்டது, அந்த ஊர் ஒயினின் சுவையும் மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. வோஸ்ஜ் மலையும், ரைனுக்கு அப்பால் ஜெர்மனியில் இருக்கும் கருங்காடு மலையும் ஒரு காலத்தில் ஒரே மேட்டுநிலமாக இருந்தவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடுப்பகுதி பிளந்து கீழே இறங்கியது, அந்தப் பள்ளத்தில்தான் ரைன் பாய்கிறது. திராட்சைச் சரிவு அந்தப் பிளவின் விளிம்பு. இறங்கும்போது பாறை அடுக்குகள் நொறுங்கி, கருங்கல், மணற்கல், சுண்ணாம்புக்கல், களிச்சுண்ணம் என்று துண்டு துண்டாக அருகருகே வந்து நின்றுவிட்டன. ஆகவேதான் பத்து நிமிடம் மிதிப்பதற்குள் காலடி மண் இரண்டு மூன்று முறை நிறம் மாறுகிறது, 51 தோட்டப் பகுதிகளுக்குத் தனித்தனியாக ‘கிரான் க்ரூ’ என்ற உயர்தகுதியும் அளிக்கப்பட்டிருக்கிறது. மலை இன்னொரு உதவியும் செய்கிறது. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் 1,400 மீட்டரைத் தாண்டும் வோஸ்ஜ் உச்சிகளிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், கொல்மார் நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது, பிரான்சின் மிக வறண்ட நகரங்களுள் அதுவும் ஒன்று. திராட்சைக்கு நல்லது, மிதிவண்டிக்காரருக்கும் நல்லது. ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காற்றில்லாத அந்தச் சரிவுகளில் நண்பகல் வெயில் கடுமையாகவே இருக்கும், கொடிகளுக்கு நடுவே நிழல் என்பது கிடையாது.

சரிவு என்று சொன்னதால் மலையேற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். தடம் ஒரே சீராக ஏறுவதில்லை. ஒரு கிராமத்திலிருந்து அறுபது எழுபது மீட்டர் ஏறி, அடுத்த ஓடைக்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி நாள் முழுவதும் அலைபோல் போகிறது. நீண்ட ஏற்றத்தில் ஒரு தாளம் கிடைக்கும், இங்கே அது கிடைக்காது. முன், பின் பல்சக்கரங்களில் பல் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாக வரும் அளவுக்குத் தாழ்ந்த கியர் இருப்பது நல்லது, பைகளின் எடையோடு பத்து சதவீதத்துக்கு மேலான குறுகிய ஏற்றங்கள் நிறையவே வரும். தோட்டப் பாதைகளில் செங்குத்தான பகுதிகளில் மண் கரைந்து போகாமலிருக்க கான்கிரீட் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். இறங்கும்போது அந்தப் பலகைகளின் இணைப்புகள் ஒவ்வொன்றும் கைப்பிடியில் தட்டிக்கொண்டே வரும், மெல்லிய டயரோடு வந்தவர்கள் மணிக்கட்டைத் தடவிக்கொள்வார்கள். 38 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாத டயர் போதுமானது. மின்மிதிவண்டியில் வருவோர் இப்போது மிக அதிகம், அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தோட்டத்தில் வரிசைக்கு மேலாகக் கால் பரப்பி நின்றபடி ஓடும் உயரமான டிராக்டர்கள் வந்தால் மட்டும் யாராக இருந்தாலும் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். அந்தப் பாதைகள் முதலில் அவர்களுடையவை.

வடபகுதியில் ஓபெர்னே, பார், மிட்டெல்பெர்கைம், ஆன்ட்லோ என்று ஊர்கள் நெருக்கமாக வருகின்றன. மிட்டெல்பெர்கைம் மேட்டின்மேல் ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் சிற்றூர். மற்ற இடங்களில் எளிய மேசை ஒயினாகவே மதிக்கப்படும் சில்வானெர் திராட்சைக்கு, அதன் சோட்சென்பேர்க் சரிவில் மட்டும் கிரான் க்ரூ தகுதி உண்டு. விதிகளில் முரண்டு பிடித்து அந்தத் தகுதியைப் பெற்ற ஊர் என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். ஆன்ட்லோவில் நிமிர்ந்து பார்த்தால் காட்டுக்கு மேலே இரட்டை உருளைக் கோபுரங்களோடு ஓ-ஆன்ட்லோ கோட்டை தெரியும். இங்கிருந்து தெற்கே போகப்போக, தலைக்கு மேலே எப்போதும் ஏதாவது ஒரு கோட்டை இருந்துகொண்டே இருக்கும்.

ஏன் இத்தனை கோட்டைகள் என்ற கேள்விக்கு மத்திய கால அரசியலில் விடை இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த, தென் ஜெர்மானிய ஸ்வாபியாவின் கோமகன் ஃபிரெடெரிக்கைப் பற்றி, அவர் தன் குதிரையின் வாலில் எப்போதும் ஒரு கோட்டையைக் கட்டி இழுத்துச் செல்கிறார் என்று அக்காலத்தில் ஒரு பேச்சு வழங்கியது. அவருடைய ஹோஹென்ஸ்டாஃபென் குலம் 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் சரிந்தபோது, மேலே ஜெர்மானியப் பேரரசர் என்று உறுதியாக யாரும் இல்லாத நிலையில், ஒவ்வொரு பிரபுவும் ஆயரும் தன் பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக்கொள்ளத் தனக்கென்று ஒரு பாறையைத் தேடிக்கொண்டார். லொரேன் பக்கத்திலிருந்து மலையைத் தாண்டி வரும் உப்பும் துணியும் சமவெளியிலிருந்து மேலே போகும் ஒயினும் அந்த வாயைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கிறவன் சுங்கம் கட்டியாக வேண்டும். சுற்றுலாப் படங்களில் கோட்டை தோட்டத்தைக் காவல் காப்பது போலத் தோன்றினாலும், அது காத்தது வழியைத்தான்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் ஷெர்வில்லேர். ஊருக்கு மேலே, ஊசி போன்ற ஒரு கருங்கல் பாறையின்மேல், ஓர்டென்பூர் கோட்டை நிற்கிறது. பின்னாளில் ஐரோப்பாவின் பாதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குலத்தின் ருடோல்ஃப், தான் ஜெர்மானிய மன்னராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன் 1260-களில் இதைக் கட்டினார். மிதிவண்டியை அடிவாரத்தில் பூட்டிவிட்டுக் காட்டுவழியே நடந்துதான் ஏற வேண்டும். 1872-இல் தொடங்கப்பட்ட வோஸ்ஜ் மலையேறுவோர் சங்கத்தின் வண்ணக் குறிகள் மரங்களில் வழி காட்டுகின்றன. மேலே போனால், ஐந்து முகங்கள் கொண்ட கோபுரத்தைச் சுற்றி, அம்பு எய்யும் பிளவுகளோடு ஒரு நெடிய மதில் ஒட்டி நிற்பதைக் காணலாம். அங்கிருந்து சில நூறு மீட்டர் கீழே இன்னொரு சிறிய கோட்டையின் இடிபாடு தெரிகிறது. அதன் பெயர் ராம்ஸ்டைன், கட்டப்பட்டது 1293-இல், கட்டியவர்கள் ஓர்டென்பூரை முற்றுகையிட வந்தவர்கள். எதிரியின் கோட்டையைப் பிடிப்பதற்கு அதன் முகத்துக்கு நேராக இன்னொரு கோட்டையைக் கட்டும் அளவுக்கு அந்தக் காலத்தில் கல்லும் பகையும் மலிந்திருந்தன என்பதை நினைக்கும்போது, இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளியைப் பார்த்து ஒருவித வியப்பே மிஞ்சுகிறது.

ஷெர்வில்லேரின் சமவெளி விளிம்பில் இன்னொரு வரலாறும் கிடக்கிறது. 1525-ஆம் ஆண்டு மே 20 அன்று, ஜெர்மானிய நிலமெங்கும் பரவிய விவசாயிகள் கலகத்தின் அல்சாஸ் படையை லொரேனின் கோமகன் அந்துவான் இங்கே நசுக்கினார். கலகக்காரர்களில் திராட்சை பயிரிட்டவர்களும் இருந்தனர். மேலே இருந்த கோட்டைகளையும் மடங்களையும் நோக்கி அவர்கள் எழுப்பிய கேள்விகள் வரி, தசமபாகம், காட்டில் விறகு வெட்டும் உரிமை பற்றியவை. மூன்று அடுக்கு நிலத்தில் நடு அடுக்கில் உழைத்தவன் மேல் அடுக்கிடம் கேட்ட கேள்விகள் அவை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து வருவது இப்பயணத்தின் ஒரே பெரிய ஏற்றம். ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை 757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சான்-இப்போலித் ஊரிலிருந்து கிளம்பினால் ஏறத்தாழ 500 மீட்டர் ஏற வேண்டும். சாலை நன்றாக இருக்கிறது, சரிவும் மிதமானது. முதலில் தோட்டம், பிறகு கஷ்கொட்டை மரங்கள், அதற்குமேல் பீச்சும் ஊசியிலை மரங்களும் என்று உயரத்துக்கு ஏற்பக் காடு மாறிக்கொண்டே வருவதை மெதுவாகப் போகிறவர்தான் கவனிக்க முடியும். கோடையில் சுற்றுலாப் பேருந்துகள் உரசிக்கொண்டு கடக்கும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுவது உத்தமம். பைகளை அடிவாரத்து விடுதியில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடு ஏறினால் இன்னும் உத்தமம்.

1147-இலேயே ஆவணங்களில் இடம்பெறும் இந்தக் கோட்டை, முப்பது ஆண்டுப் போரில் 1633-இல் ஸ்வீடன் படைகளின் 52 நாள் முற்றுகைக்குப் பிறகு எரிந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காடு அதை விழுங்கிக் கிடந்தது. 1871 முதல் அல்சாஸ் ஜெர்மன் பேரரசின் பகுதி. 1899-இல் இடிபாட்டின் உரிமையாளரான செலெஸ்டா நகரம் அதைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசளித்தது. பெரிய இடிபாட்டைப் பராமரிக்கும் செலவு ஒரு சிறுநகரத்துக்கு என்ன பாரமாக இருந்திருக்கும் என்பதை எண்ணினால் அந்தத் தாராளத்தின் காரணம் விளங்கும். கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் 1900 முதல் 1908 வரை அதை மீண்டும் எழுப்பினார். கல்லைக் கொண்டுவர மலையுச்சியிலேயே ஒரு சிறு நீராவி ரயில் ஓடியது. பேரரசின் கிழக்கு முனையில் மாரியன்பூர்க், மேற்கு முனையில் இது என்று இரண்டு கோட்டைகளும் எல்லைக் கற்களாக நிற்க வேண்டும் என்பது பேரரசரின் ஆசை. பத்தே ஆண்டுகளில் முதல் உலகப்போர் முடிந்து பேரரசர் நாட்டைவிட்டு ஓடினார், அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியது, ஜெர்மானியப் பெருமைக்காகக் கட்டப்பட்ட கோட்டை பிரெஞ்சு அரசின் சொத்தாயிற்று.

உள்ளே பார்க்க நிறைய இருக்கிறது. பாறையில் 60 மீட்டருக்கும் மேல் தோண்டிய கிணறு, பீரங்கிகளுக்கான மேற்குக் கொத்தளம், ஓவியம் தீட்டிய விருந்துக்கூடம் எல்லாம் கவனமான வேலை. எப்ஹார்ட் ஆவணங்களை ஆராய்ந்துதான் கட்டினார், எதையும் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்யவில்லை. ஆனாலும் எனக்கு அது 15-ஆம் நூற்றாண்டின் கோட்டையாகத் தெரியவில்லை, 15-ஆம் நூற்றாண்டு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று 1900-இல் ஒருவர் விரும்பியதன் சாட்சியமாகத் தெரிகிறது. அந்த வகையில் அது மிக நேர்மையான ஆவணம். சுவர்களின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன, கூரை ஓடுகள் சீராக இருக்கின்றன, எங்கும் பாசி இல்லை. பக்கத்திலேயே, யாரும் சீரமைக்காத ஓடென்பூர் என்ற இன்னொரு கோட்டையின் இடிபாடு மரங்களுக்கு நடுவே நிற்கிறது. பேருந்தில் வருவோரில் நூற்றுக்கு ஒருவர்கூட அங்கே நடப்பதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் இந்த ஏற்றத்தின் கூலி.

இறங்கி வந்ததும் ஒயின் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பிரான்சில் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு கார் ஓட்டுநருக்கு மட்டுமன்றி மிதிவண்டி ஓட்டுபவருக்கும் பொருந்தும், மீறினால் 135 யூரோ அபராதம். அதைவிட, மூன்று கிண்ணம் ரீஸ்லிங் குடித்துவிட்டு வெயிலில் அடுத்த ஏற்றத்தை மிதித்துப் பார்த்தவர்களுக்கு அபராதம் தேவையில்லை. ஒயின் அறைகளில் சுவைத்து உமிழ்வதற்கென்று ஒரு தொட்டி வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்தத் தயங்குவது நம்மைப் போன்ற வெளியாட்கள்தான், விற்பவர் அதைத் தவறாகவே எண்ணமாட்டார். பகலில் ஒன்றிரண்டு இடத்தில் சுவைத்து, பிடித்ததன் பெயரைக் குறித்துக்கொண்டு, இரவில் தங்கும் ஊரில் அமர்ந்து குடிப்பதே சரியான வரிசை. அல்சாஸ் ஒயினில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளை. ரீஸ்லிங் எலுமிச்சைப் புளிப்பும் கல்லின் இறுக்கமும் கொண்டது. கெவுர்ஸ்ட்ராமினர் ரோஜாவும் லிச்சிப் பழமுமாக மணக்கும், உடனே மயக்கும், இரண்டாவது கிண்ணத்தில் திகட்டவும் செய்யும். 1972 முதல் அல்சாஸ் ஒயினை அந்தப் பகுதிக்குள்ளேயே, நெடிய மெல்லிய கழுத்துள்ள குப்பியில்தான் அடைக்க வேண்டும் என்பது சட்டம். மிதிவண்டிப் பைக்குள் குறுக்கே படுக்காத குப்பி அது. வாங்கினால் அஞ்சலில் அனுப்பிவிடுவதே நல்லது.

ரிபோவில்லே ஊருக்கு மேலே ஒரே மலையில் மூன்று கோட்டைகள் நிற்கின்றன. சான்-உல்ரிக்கும் கிர்ஸ்பேர்க்கும் எதிரெதிர்ப் பாறைகளில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, ஓ-ரிபோபியேர் அவற்றுக்கு மேலே தனித்து நிற்கிறது. இரு கோட்டைகளில் வாழ்ந்த சகோதரர்களில் முதலில் விழிப்பவர் மற்றவரின் சன்னல் கதவில் அம்பெய்து வேட்டைக்கு எழுப்புவது வழக்கம் என்றும், ஒரு நாள் அம்பு புறப்பட்ட நொடியில் கதவு திறந்துவிட்டது என்றும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சான்-உல்ரிக்கின் பெருங்கூடத்தில் வரிசையாக நிற்கும் அழகிய வளைவுச் சன்னல்கள் வழியே எதிர்ப்பாறையைப் பார்க்கும்போது அந்தக் கதைக்கான இடத்தைக் கல்லே அமைத்துக் கொடுத்திருப்பது தெரிகிறது. உனாவிர் ஊரில் மதில் சூழ்ந்த தேவாலயம் கொடிகளுக்கு நடுவே தனியே நிற்கிறது, அதைத் தடத்திலிருந்தே பார்க்கலாம். ரிக்விர் அழகான ஊர்தான், 1291-இன் காவல் கோபுரம் இன்றும் வாசலில் நிற்கிறது. ஆனால் பகலில் கல் பாவிய அந்தத் தெருவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டுகூட நடக்க முடியாத கூட்டம். மாலை ஆறு மணிக்குப் பிறகு போங்கள், அல்லது போகாமலே இருங்கள்.

ரிக்விரைத் தாண்டியதும் மரச்சட்ட வீடுகள் சட்டென்று நின்றுபோய், 1950-களின் தோற்றத்தில் எளிய தெருக்கள் வருகின்றன. மிட்டெல்விர், பென்விர், சிகோல்ஸைம், அமெர்ஷ்விர் ஆகிய ஊர்கள் 1944 டிசம்பரில் கொல்மாரைச் சுற்றி ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்த பகுதிக்கான சண்டையில் ஏறத்தாழ முழுதும் அழிந்தவை. படம் எடுக்க யாரும் நிற்காத தெருக்கள் என்பதால் பெரும்பாலோர் வேகமாக மிதித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ பயணத்தின் கனமான பகுதி இதுதான். சிகோல்ஸைமுக்கு மேலே, திராட்சைக் கொடிகள் முடியும் இடத்தில், பிரெஞ்சுப் படையில் போரிட்டு இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்களின் கல்லறைகள் அங்கே நிறைய உள்ளன. சமவெளி முழுவதையும் பார்க்கும் அந்தக் குன்றைப் பிடிப்பதற்காக நடந்த சண்டைக்கும், பல நூறு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துப் பாறைகளில் கோட்டை கட்டியதற்கும் காரணம் ஒன்றே.

கிராமங்களின் போர் நினைவுச் சின்னங்களைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம். பிரான்சின் மற்றப் பகுதிகளில் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தோர்’ என்று பொறித்திருக்கும். இங்கே பல இடங்களில் ‘நம் இறந்தோருக்கு’ என்று மட்டும் இருக்கிறது, நாட்டின் பெயர் இல்லை. முதல் போரில் அல்சாஸ் இளைஞர்கள் ஜெர்மன் சீருடையில் இறந்தார்கள். இரண்டாம் போரில், 1942 முதல், ஒரு லட்சம் அளவிலான அல்சாஸியர்கள் விருப்பத்துக்கு மாறாக ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டார்கள்.

காய்ஸர்ஸ்பேர்க் பெரிய சுற்றுலா ஊர், ஆப்பிரிக்காவில் தொண்டாற்றிய மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்த இடம். ஊருக்கு மேலே உள்ள உருண்டைக் கோபுரத்துக்குப் பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம். ஏறிப் பார்த்தால் லொரேனுக்குப் போகும் பள்ளத்தாக்கின் வாயில் ஒரு மூடி வைத்தது போல ஊரும் பாலமும் கோட்டையும் சேர்ந்து அமைந்திருப்பது புரியும். கொல்மாருக்கு மேற்கே ஓலன்ட்ஸ்பூர் கோட்டையை 1563-இல் வாங்கிய தளபதி லாசரஸ் ஃபோன் ஷ்வென்டி, ஹங்கேரியில் துருக்கியரோடு போரிட்டுத் திரும்பும்போது அந்நாட்டு டோக்காய் ஒயினின் கொடிகளைக் கொண்டுவந்தார் என்பது இப்பகுதியின் செல்லக் கதை. இங்கே வெகுகாலம் டோக்காய் என்று விற்கப்பட்ட ஒயின் உண்மையில் பினோ கிரி என்ற திராட்சை வகை, ஹங்கேரியோடு அதற்கு உறவே இல்லை. 2007-க்குப் பிறகு அந்தப் பெயரை இடக்கூடாது என்று ஆனபின்பும் தளபதியின் சிலை கையில் திராட்சைக் கொடியை ஏந்தியபடியே நிற்கிறது.

எகிஸைம் வட்டம் வட்டமாகத் தெருக்கள் சுழலும் ஊர். திருத்தந்தை ஒன்பதாம் லியோ 1002-இல் பிறந்த குடும்பம் இந்த ஊரின் பிரபுக் குடும்பம். ஊருக்கு மேலே மலைமுகட்டில் மூன்று சதுரக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. இவை அழிந்த கதை அபத்தமானது. மியூலூஸ் நகரத்தில் ஒரு மாவரைக்கும் ஆலைத் தொழிலாளி தனக்கு ஆறு சிறு காசு பாக்கி என்று வழக்காடினான், நகரம் மறுத்தது. அவன் பிரபுக்களின் ஆதரவைத் தேடிக்கொண்டான், சண்டை பெருத்து, 1466-இல் மூன்று கோட்டைகளும் எரிந்தன. வரலாற்று நூல்களில் அது ஆறு காசுப் போர் என்றே வழங்குகிறது. ஆனால் நான் அங்கே வெகுநேரம் நின்றது வேறொன்றைப் பார்த்து. கோபுரத்தின் கற்கள் ஒவ்வொன்றும் நடுவில் புடைத்து, ஓரங்களில் மட்டும் மழித்துச் சீராக்கியவை. அந்தப் புடைப்பின் நடுவே பல கற்களில் கட்டைவிரல் நுனி புகும் அளவில் ஒரு குழி இருக்கிறது. கல்லை மேலே தூக்கிய இரும்புக் கிடுக்கியின் நுனி பிடித்த இடம் அது. மேலே சக்கரத்தை மிதித்துக் கயிற்றைச் சுற்றியவர்கள், கீழே கிடுக்கியை மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் என்று ஒரு வேலைநாளே அந்தக் குழிகளுக்குப் பின்னால் இருக்கிறது. பூச்சும் சீரமைப்பும் இல்லாத இடிபாட்டில்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

அருகில் உள்ள உஸ்ஸெரென் சிற்றூர் திராட்சை நிலத்தின் மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்று. அதைத் தாண்டித் தெற்கே போனால் கூட்டம் மளமளவென்று குறைந்துவிடுகிறது. ரூஃபாக், கெப்வில்லேர் வழியாகப் போகும் இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுவது எனக்குப் புரியாத விஷயம். சாலைகள் வெறுமையாக இருக்கின்றன, விடுதிகளில் இடம் கிடைக்கிறது, சரிவுகள் வடக்கைவிடச் செங்குத்தாகின்றன. அறுவடை தொடங்கும் செப்டம்பரில் போவதானால், பறிக்கும் நாட்களில் சில தோட்டப் பாதைகள் அடைக்கப்பட்டிருக்கும் என்பதையும் சாலையில் திராட்சைச் சாறு சிந்தி வழுக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். மே, ஜூன் மாதங்களில் கொடி இளம்பச்சையாக இருக்கும், பகல் நீளமாக இருக்கும், என் தேர்வு அதுதான்.

டான் நகரத்துக்கு மேலே ரான்கென் தோட்டம் ஏறத்தாழச் சுவர் போல நிற்கிறது, சில பகுதிகளில் சரிவு 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. அல்சாஸின் கிரான் க்ரூக்களில் எரிமலைப் பாறைமேல் இருப்பது இது ஒன்றே. எந்திரம் ஏறாத அந்த இடங்களில் எல்லாம் கைவேலைதான், அதனால் குப்பியின் விலையும் அதற்கேற்ப இருக்கும். நகரத்துக்கு மேலே இன்னொரு குன்றில் எங்கெல்பூர் கோட்டை. தூர் ஆற்றின் பள்ளத்தாக்கில் சுங்கம் வாங்கிய அந்தக் கோட்டையை 1673-இல் பதினான்காம் லூயியின் ஆணைப்படி வெடிவைத்துத் தகர்த்தார்கள். உருளைக் கோபுரத்தின் ஒரு துண்டு நொறுங்காமல், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, ஒரு மாபெரும் கல் வளையமாக இன்றும் விளிம்பில் நிற்கிறது. ஊரார் அதைச் சூனியக்காரியின் கண் என்பார்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இதே மன்னருக்காக வெட்டிய கால்வாயின் கரையில்தான் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து கிளம்பியிருப்போம், பழைய பிரபுக்களின் பாறைகளை உடைத்துவிட்டுச் சமவெளியில் புதிய அரணைக் கட்டிய அரசின் இரு முனைகளையும் இந்தத் தடம் இணைத்துவிடுகிறது. பீரங்கியின் காலம் வந்த பின் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தவருக்குப் பயன் தீர்ந்துபோனது, நடு அடுக்குக்காரர் மட்டும் இன்றும் அதே சரிவில் வேலை செய்கிறார்.

வளையத்துக்கு ஏறும் பாதை குறுகலானது, கால்நடையாகத்தான் போக வேண்டும். மிதிவண்டியை டான் நிலையத்தின் பக்கத்திலேயே பூட்டிவிட்டு ஏறுவது வசதி, ஏனென்றால் இறங்கியதும் மியூலூஸுக்குப் போகும் டிராம்-ரயில் அங்கேயே வரும். ரயிலின் கதவருகில் மிதிவண்டிக்கான இடம் குறைவு, மாலையில் வேலை முடிந்து வருவோர் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஏறிவிட வேண்டும்.